கூபா ராஃபியா துணி வாங்கி ஊருக்குக் கொண்டுவருவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

நான் வாங்கிய முதல் கூபா துணியைத் தண்ணீரில் நனைத்துக் கெடுத்தேன். இரண்டாவது துணி, ரசீதில் இருந்த ஒரே ஒரு சொல்லால் விமான நிலையத்தில் என்னை மூன்று மணி நேரம் நிற்க வைத்தது. மூன்றாவது முறைதான் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வேலை விஷயமாகக் கின்ஷாசாவில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது கற்றுக்கொண்டவை இவை. ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒரு பெண் உட்கார்ந்து தைத்த துணி, நம்முடைய அறியாமையால் பாழாகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கூபா மக்கள் வாழ்வது காங்கோ ஜனநாயகக் குடியரசின் நடுவே, கசாய், சங்குரு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில். அரசர் இருக்கும் ஊர் முஷெங்கே. முதல்முறை போகிறவர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தலைநகர் கின்ஷாசாவிலேயே நல்ல துணி கிடைக்கும்.

1. எந்தத் துணி வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

'கூபா துணி' என்று கேட்டால் கடைக்காரர் கையில் கிடைத்ததை எல்லாம் விரிப்பார். அதனால் மூன்று வகையைத் தெரிந்துகொண்டு போங்கள்.

முதலாவது, பூவேலை எதுவும் இல்லாத வெறும் ராஃபியா துணி. ராஃபியா பனையின் இளம் ஓலையிலிருந்து உரித்த இழைகளை ஆண்கள் தறியில் நெய்வது. இதற்கு 'எம்பாலா' என்று பெயர். இழையை நூற்பதில்லை, முடிச்சுப் போட்டு நீட்டுவதும் இல்லை. ஓலை எவ்வளவு நீளமோ துணியும் அவ்வளவுதான். பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள், பின்னால் போலியைப் பிடிக்க உதவும்.

இரண்டாவது, 'கசாய் வெல்வெட்' என்று சந்தையில் சொல்லப்படுவது. கடைக்காரர் பிரெஞ்சில் 'வெலூர்' என்பார். எம்பாலாவின் மேல் பெண்கள் ஊசியால் மெல்லிய ராஃபியா இழையைக் கோத்து இழுத்து, இரு முனையையும் சின்னக் கத்தியால் ஒட்ட வெட்டிவிடுவார்கள். வெட்டிய முனைகள் எழுந்து நின்று வெல்வெட் போல ஆகிவிடும். ஷோவா என்ற உட்பிரிவினர் செய்பவை இதில் மிகவும் பேர்போனவை. பெரும்பாலும் சதுரமாக, நாற்காலி மெத்தை அளவில் இருக்கும்.

மூன்றாவது, 'என்ச்சாக்' என்ற பெண்களின் நீளமான சுற்றாடை. பல துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, அதன்மேல் வேறு துணியை வெட்டிவைத்துத் தைத்திருப்பார்கள். ஐந்தாறு மீட்டர் நீளம்கூட வரும். விலை அதிகம், மடிக்கவும் முடியாது, சுவரில் மாட்ட இடமும் வேண்டும். முதல்முறைக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே ஒரு நல்ல வெல்வெட் துண்டு வாங்குங்கள்.

2. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டியவை

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, கடவுச்சீட்டுடன் போங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அங்கே நுழைய மட்டும் இது போதுமென்று நினைத்து, திரும்பி வரும்போது பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். சான்றிதழைக் காட்ட முடியாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். மஞ்சள் நிற அட்டையைக் கடவுச்சீட்டோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விசா அடுத்தது. தூதரகம் தில்லியில் இருக்கிறது. அங்கிருந்து உங்களை அழைப்பவர் அனுப்பும் கடிதம், அந்நாட்டு அதிகாரிகளின் சான்றொப்பத்துடன் வர வேண்டும். அதிக நாள் பிடிப்பது இந்தக் கடிதம்தான், விசா முத்திரை அல்ல. எனக்கு மொத்தம் ஐந்து வாரம் ஆனது.

இங்கே பலர் விழும் ஒரு குழி உண்டு. காங்கோ என்ற பெயரில் இரண்டு நாடுகள் இருக்கின்றன. ஆற்றின் இந்தக் கரையில் கின்ஷாசா, எதிர்க்கரையில் இன்னொரு காங்கோவின் தலைநகர் பிராசவில். ஒன்றின் விசா மற்றொன்றில் செல்லாது. டிக்கெட், காப்பீடு, கூரியர் படிவம் எதிலும் 'ஜனநாயகக் குடியரசு' என்ற சொல் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை பாருங்கள்.

பணம்: அங்கே காங்கோ ஃபிராங்கும் அமெரிக்க டாலரும் இரண்டும் புழங்குகின்றன. டாலர் நோட்டில் துளி கிழிசல், பேனாக் கோடு, முத்திரை இருந்தாலும் வாங்க மாட்டார்கள். பழைய வரிசை நோட்டும் செல்லாது. ஒரு டாலர் நோட்டைப் பல இடங்களில் தொடக்கூட மாட்டார்கள். சென்னையில் மாற்றும்போதே கவுண்டரில் நின்று ஒவ்வொரு நோட்டாக வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். இருபது, ஐம்பது டாலர் நோட்டுகள் அதிகம் இருக்கட்டும்.

3. முதல் நாள் எதையும் வாங்காதீர்கள்

கின்ஷாசாவில் 2019இல் திறந்த தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. முதல் நாள் அங்கே போங்கள். பிறகு கோம்பே பகுதியில் கைவினைப் பொருள் விற்பவர்களிடம் வெறுமனே சுற்றுங்கள். தொட்டுப் பாருங்கள், விலை கேளுங்கள், வாங்காதீர்கள். அங்கே பேசும் லிங்காலா மொழியில் 'தாலோ போனி?' என்றால் 'என்ன விலை?'. இதைச் சொன்னாலே முகம் மலர்ந்துவிடும், பேச்சும் வேறு மாதிரி போகும். இரண்டாவது நாள் அதே கடைகளுக்குப் போகும்போது உங்கள் கைக்கே வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்.

4. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

பட்டுப்புடவை வாங்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் முந்தானையைத் திருப்பி உள்பக்கம் பார்ப்பார்கள் இல்லையா? இங்கேயும் அதையே செய்ய வேண்டும். நான் ஏமாந்தது திருப்பிப் பார்க்காமல் வாங்கியதால்தான்.

நல்ல வெல்வெட் துண்டின் பின்பக்கத்தில் முடிச்சே இருக்காது. இழை பாவு ஊடைக்கு இடையில் நுழைந்து வெளியே வருவதால், நெசவின் இறுக்கம்தான் அதைப் பிடித்துக்கொள்கிறது. பின்பக்கம் அடித்துணி வெறுமையாக, அங்கங்கே சின்னப் புள்ளி போல இழையின் தடம் மட்டும் தெரியும். பசை ஒட்டியிருந்தாலோ, பின்னால் வேறு துணி வைத்து மூடித் தைத்திருந்தாலோ தையலைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

அடுத்து அளவு. ஒட்டே இல்லாமல் இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரே துணியாக விரித்தால் அது கூபா ராஃபியா அல்ல. ஓலையின் நீளம் அதற்கு இடம் தராது. கூபா வடிவத்தை அச்சடித்த பருத்தித் துணியாகவே இருக்கும். அதுவும் விற்பனைக்கு உரியதுதான், ஆனால் ராஃபியா விலைக்கு அல்ல.

விரலால் தடவுங்கள். இழைகள் நெருக்கமாக இருந்தால் விரலின் அடியில் ஒரே பரப்பாக உணர்வீர்கள். அவசரமாகச் சந்தைக்கென்று செய்தவற்றில் இழை தடிமனாக, இடைவெளி விட்டு, அடித்துணி எட்டிப் பார்க்கும். இதைப் போலி என்று சொல்ல மாட்டேன், அதுவும் கைவேலைதான். விலை வேறு, அவ்வளவே.

வடிவம் ஒருபக்கம் ஒழுங்காகப் போய், பாதியில் திடீரென்று மாறினால் பிழை என்று எண்ணிவிடாதீர்கள். பெண்கள் துணியில் கோடு வரைந்துகொண்டு தைப்பதில்லை. மனதில் இருக்கும் வடிவம் கையில் இறங்குகிறது, நடுவில் தோன்றினால் மாற்றுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த துண்டில் ஒரு மூலையில் மட்டும் சாய்சதுரங்கள் சட்டென்று குறுக்கே திரும்புகின்றன. கடைக்காரர் அதைக் குறை என்று நினைத்து மடித்து மறைத்து வைத்திருந்தார். அதற்காகவே அதை வாங்கினேன்.

சிவப்பு நிறத்தை வெள்ளைக் கைக்குட்டையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். 'துகூலா' என்கிற, அங்குள்ள ஒரு சிவப்பு மரத்தின் பொடியால் வந்த சிவப்பு கொஞ்சம் ஒட்டும். ஒட்டினால் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் வீட்டில் வைக்கும்போது வெள்ளைத் துணியோடு சேர்க்கக் கூடாது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய துணி என்று விற்பதில்தான் ஏமாற்று அதிகம். புகையில் காட்டியும், மண்ணில் புரட்டியும், காபித் தண்ணீரில் தோய்த்தும் பழசாக்குவார்கள். முகர்ந்து பாருங்கள். உண்மையாகவே உடுத்திப் பழகிய துணியில் தேய்மானம் மடிப்பிலும் ஓரத்திலும் அதிகமாகவும், மற்ற இடங்களில் குறைவாகவும் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பழுப்பேறியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

5. விலை

எனக்குச் சொன்ன விலைகளை அப்படியே தருகிறேன். இழை அகலமாக உள்ள புதிய வெல்வெட் துண்டுக்கு 60 முதல் 80 டாலர் கேட்டார்கள், 35க்கு முடிந்தது. நெருக்கமான வேலைப்பாடு உள்ளதற்கு 150 கேட்டு 110க்குக் கொடுத்தார்கள். நீளமான என்ச்சாக்குக்கு 400க்குக் கீழே யாரும் இறங்கவில்லை.

பேரம் பேசுவது அங்கே இயல்புதான். 'கிதீசா' என்றால் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். ஆனால் நெருக்கமான வேலையைப் பார்த்தால் கடைசி பத்து டாலருக்காக அரை மணி நேரம் இழுக்காதீர்கள். நல்ல துண்டு ஒன்றுக்கு மாதக்கணக்கில் உழைப்பு போயிருக்கிறது, வயல் வேலை, வீட்டு வேலைக்கு நடுவில் செய்தது. மலிவான துண்டுகளுக்கே கிராக்கி இருந்தால் நெருக்கமாகத் தைக்கிற கை குறைந்துகொண்டே போகும். ஐந்து மலிவான துண்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல துண்டு வாங்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

6. ரசீதில் என்ன எழுதுகிறார்கள் என்று படியுங்கள்

இதில்தான் நான் மூன்று மணி நேரம் தொலைத்தேன். கடைக்காரர் அன்பாக, துணிக்கு மதிப்பு கூடட்டும் என்று ரசீதில் 'ஆன்சியென்' என்று எழுதிவிட்டார். பிரெஞ்சில் 'பழமையானது' என்று பொருள். துணியோ போன வருடம் தைத்தது. பழம்பொருள் என்று தாளில் இருந்தால் அதற்குத் தனி அனுமதி கேட்பது நியாயம்தானே. அனுமதி இல்லாமல் நான் போய் நின்றேன். கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் பேசி, வேறு தாள் எழுதி அனுப்பி, விமானத்தைக் கடைசி நிமிடத்தில் பிடித்தேன்.

ரசீதில் இருக்க வேண்டியவை: தேதி, கடைக்காரர் பெயர், கையெழுத்து, தொலைபேசி எண், 'ராஃபியா, கையால் நெய்தது, புதியது' என்ற விவரம், நீள அகலம், எண்ணிக்கை, கொடுத்த உண்மையான விலை டாலரில். 'புதியது' என்பதற்கு 'நஃப்' என்று எழுதுவார்கள். விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்று சொன்னால் வேண்டாமென்று சொல்லுங்கள். சென்னையில் சுங்கத்தில் துணியையும் தாளையும் சேர்த்துப் பார்ப்பார்கள், பொருந்தாவிட்டால் தாளை நம்ப மாட்டார்கள். ஒவ்வொரு துணியையும் ரசீதோடு வைத்து முன்பக்கம், பின்பக்கம் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. உண்மையிலேயே பழைய துணியானால்

அந்நாட்டில் பண்பாட்டுப் பொருட்களைப் பாதுகாக்க 1971இலேயே சட்டம் இருக்கிறது. பழைய துணி, முகமூடி, சிலை போன்றவற்றை எடுத்துப்போக அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியக நிறுவனத்தின் தாள் வேண்டும். துணி, ரசீது, படங்கள், கடவுச்சீட்டு நகல் ஆகியவற்றோடு நேரில் போங்கள். ஒரே நாளில் கிடைக்கும் என்று நம்பி விமானத்துக்கு முந்தைய நாள் போகாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் ஒதுக்குங்கள், வெள்ளிக்கிழமை மதியத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். கட்டணம் கட்டினால் அலுவலக ரசீது கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் முதல்முறை பழைய துணி பக்கமே போக வேண்டாம். சாவுச் சடங்கில் இறந்தவரோடு புதைப்பதற்கென்று குடும்பங்கள் சேர்த்து வைக்கும் துணிகள் இவை. எந்த வீட்டிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று தெரியாத துணியை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, துணியோடு சேர்த்து முகமூடி, தொப்பி, இடுப்புப் பட்டை என்று தள்ளுவார்கள். அவற்றில் சிறுத்தைத் தோல், குரங்கு மயிர், பறவை இறகு இருக்கலாம். இவை வனவிலங்குச் சட்டத்தில் மாட்டும். இரண்டு நாட்டிலும் சிக்கல். ராஃபியா மட்டும் வாங்குங்கள்.

8. கட்டுவதும் கிளம்புவதும்

வெல்வெட் துண்டை மடிக்கவே கூடாது. மடித்த இடத்தில் இழை உடையும், அந்தக் கோடு போகாது. அட்டைக் குழல் ஒன்றை இங்கிருந்தே கொண்டுபோங்கள். வேலைப்பாடு வெளிப்பக்கம் இருக்கும்படி சுற்றி, மேலே துவைத்த பருத்தித் துணியைச் சுற்றுங்கள். குழல் கைப்பையில் அடங்கும் அளவாக இருக்கட்டும். என் மூன்றாவது துண்டு 60 செண்டிமீட்டர் குழலில் தோளில் தொங்கியபடியே வந்தது.

விமான நிலையத்துக்கு நான்கு மணி நேரம் முன்னதாகப் போங்கள். வெளிநாடு போகிறவர்களிடம் வாங்கும் நிலையக் கட்டணம் நான் கிளம்பியபோது 50 டாலர். டிக்கெட்டிலேயே சேர்ந்திருக்கிறதா என்று விமான நிறுவனத்தைக் கேட்டுவிட்டு, இல்லையென்றால் சுத்தமான ஐம்பது டாலர் நோட்டு ஒன்றைத் தனியாக வையுங்கள். விமான நிலையத்திலும் அரசுக் கட்டடங்கள் பக்கத்திலும் படம் எடுக்காதீர்கள். துணியின் படமாக இருந்தாலும் கைப்பேசியை வெளியே எடுத்து நீட்ட வேண்டாம், படங்களை அச்செடுத்து வைத்திருங்கள்.

9. சென்னையில் இறங்கியதும்

சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரும் பொருளுக்கு வரியில்லா வரம்பு உண்டு. நான் வந்தது 2016ஆம் ஆண்டு விதிகளின் கீழ். அப்போது வரம்பு 50,000 ரூபாய், அதற்கு மேற்பட்ட தொகைக்கு வரியும் கூடுதல் வரியும் சேர்த்து 38.5 சதவீதம். உதாரணமாக 70,000 ரூபாய்க்குத் துணி இருந்தால், மேலே உள்ள 20,000க்கு 7,700 ரூபாய். வரம்பும் விகிதமும் மாறுபவை, பயணத்துக்கு முந்தைய வாரம் சுங்கத்துறை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் நீங்களே சிவப்பு வழியில் போய் ரசீதைக் காட்டுங்கள்.

ஒரே மாதிரி இருபது துண்டு கொண்டுவந்தால் அதைச் சொந்த உபயோகம் என்று ஏற்க மாட்டார்கள். விற்கும் எண்ணம் இருந்தால் வழியே வேறு. வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தில் ஏற்றுமதி இறக்குமதி எண் வாங்க வேண்டும். கட்டணம் 500 ரூபாய், பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருந்தால் இணையத்திலேயே முடியும். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதில் விவரங்களை உறுதிசெய்ய மறந்தால் எண் முடங்கிவிடும்.

சரக்காக வரும்போது பெரிய தலைவலி, எந்தத் தலைப்பில் வரி போடுவது என்பதுதான். தாவர நார்த் துணி என்று சுங்க வரி அட்டவணையின் 53ஆம் அத்தியாயத்தில் சொல்லலாம். ஆனால் 46ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பிலேயே, பாய் கூடை முடையும் பொருட்களில் ராஃபியா பேர் சொல்லி வருகிறது. சரக்கு கிளம்புவதற்கு முன்பே சுங்க முகவரிடம் ஒரு மாதிரித் துண்டைக் கொடுத்து, அவர் சொல்லும் தலைப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சரக்கு கிடங்கில் கிடக்கும்போது இந்த வாதம் தொடங்கினால் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும்.

10. வீட்டுக்கு வந்த முதல் மாதம்

தண்ணீர் வேண்டாம், டிரை கிளீனிங்கும் வேண்டாம். நான் நனைத்த துணியில் சிவப்பு வழிந்து பக்கத்து வெளிர் மஞ்சளில் இறங்கிவிட்டது. காய்ந்ததும் அப்பளம் போல விறைத்தது. தூசியை மெல்லிய வலைத்துணி ஒன்றை மேலே வைத்து, வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து எடுக்கலாம்.

முதலில் பூச்சி. துணியைச் சுருட்டிய நிலையிலேயே பாலிதீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, டேப் ஒட்டி, வீட்டு ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். உள்ளே ஈரம் படியும். ஒரு முழு நாள் அறை வெப்பத்தில் விட்டு அப்புறம் திறங்கள். உறைபெட்டியில் இடமில்லையென்றால் பெரிய ஃபிரீசர் உள்ள தெரிந்த கடையில் கேட்டு வையுங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.

மாட்டுவதற்கு ஆணி, கிளிப் எதுவும் துணியில் படக் கூடாது. பின்பக்கம் மேலோரத்தில் பருத்தி நாடாவைக் கையால் தைத்து, அதற்குள் மரக் கம்பி நுழைத்து மாட்டுங்கள். ஊசி அடித்துணியின் இழைகளுக்கு நடுவே நுழைய வேண்டும், இழையைக் குத்தக் கூடாது. கண்ணாடிச் சட்டம் போட்டால் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி வேண்டும், இல்லையென்றால் ஐப்பசி மழையில் பூஞ்சை வரும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டாம். என் துண்டு வெயில் எட்டாத நடைக் கூடத்தில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, பின்பக்கம் திருப்பி, டார்ச் அடித்துப் பார்க்கிறேன். மெல்லிய பொடி உதிர்ந்திருந்தால் பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே மறுபடியும் உறைபெட்டிக்குள் வையுங்கள்.